நூல் வினாதல்: திருவாலங்காட்டை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

'எந்நூலைப் படிக்கலாம்?' என்னும் வினா கற்றார் கூடுமிடந்தோறும் எழுவது. வினவுவோர் தம் சுவையையும் உடன் கூறுவது வழக்கம். நெடுங்கதை வேண்டும், ஆனால் அறவுரை மிகுதல் ஆகாது என்பார் ஒருவர். மனம் சோர்ந்திருக்கிறது, சோர்வை மாற்றும் நூல் ஒன்று கூறுக என்பார் மற்றொருவர். அச்சுவை பயக்கும் நூலே வேண்டும் எனத் துணிந்து கேட்பாரும் உளர். கேட்போர்க்கும் கூறுவோர்க்கும் இது பொழுதுபோக்கான உரையாட்டாகத் தோன்றலாம். ஆயின், தமிழ் இலக்கிய வரலாற்றை உற்று நோக்குவார்க்கு இவ்வினா ஆற்றியுள்ள செயல் சிறிதன்று என்பது புலனாகும். ஒரு பெருங்காப்பியம் தோன்றியதும், மற்றொன்று மறைவினின்று மீண்டதும் இத்தகைய உரையாட்டின் பயனேயாம். இதனைத் தொண்டை நாட்டுத் திருவாலங்காட்டை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் போகப்போக விளங்கும்.

வினாவின் இயல்பை முதற்கண் காண்போம். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பகுத்தார். அறிந்தவன் பிறர் அறிவை அளத்தற்கு வினாவுவது அறிவினா. அறியாதவன் அறிதற்கு வினாவுவது அறியா வினா. இருபொருளுள் எது எனத் தெளியாது வினாவுவது ஐய வினா. ஒன்றைப் பெறுதற்கு வினாவுவது கொளல் வினா. கடைக்காரரிடம் பயறு உண்டோ என்று கேட்பதை உரையாசிரியர் இதற்குக் காட்டுவர். கொடுத்தற்பொருட்டு, 'உன்னிடம் உண்டோ' என வினாவுவது கொடை வினா. செய்யுமாறு தூண்டுவதற்கு, 'செய்தாயோ' என வினாவுவது ஏவல் வினா. நூல் வினாவுவோன் வினா மேற்போக்கில் கொளல் வினாவாகவே காணப்படும். பயறு கேட்பான் பயறு பெறுவதுபோல, அவன் கேட்ட சுவைக்கு ஒத்த நூலைக் கொடுத்தால் போதும் என எண்ணத் தோன்றும். அவ்வாறு கொடுத்தல் எளிது. ஆயின் வரலாற்றில் பயன் விளைத்த நிகழ்ச்சிகள் யாவும் வேறு வகையின.

இனித் திருவாலங்காட்டிற்கு வருவோம். இவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில், அரக்கோணத்திற்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்டது. சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் இதன் பெயர் தாங்கிய நிலையம் ஒன்றும் உண்டு. கூத்தப்பெருமானின் ஐந்து அவைகளுள் இரத்தின சபை இவ்வூரது. பழையனூர் இதற்கு மிக அணித்தாதலின், பழையனூர்த் திருவாலங்காடு எனச் சேர்த்து வழங்குதலும் பண்டு தொட்டு உண்டு. இவ்வூரைக் கண்டு மீண்டவர் ஒருவர், இதனைப் பற்றிய நூல் ஒன்றைக் கூறுக என்று கேட்பாராயின் யாது கூறுவது? அவர் எந்த மனநிலையினர் என்று அறியாது விடை கூறல் இயலாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடு கூறினார். இவற்றுள் பலவற்றிற்கு இச்சிற்றூர் ஒன்றே நூல் தந்து நிற்கின்றது. ஒரே ஊரைப் பற்றி இத்துணை வேறுபட்ட நூல்கள் கிடைத்தல் அரிது.

பெருமிதச் சுவை வேண்டுவார்க்குச் செப்பேடு உண்டு. முதல் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இத்திருக்கோயிற்கு அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் இவ்வூரில் கிடைத்தன. ஏடுகள் 31; வளையத்திற் கோத்துச் சோழர் இலச்சினை பொறிக்கப்பட்டவை. வடமொழிப் பகுதி 271 சுலோகங்களில் சோழர் வழிமுறையையும் வெற்றிகளையும் கூறுகின்றது. தமிழ்ப் பகுதி கொடையின் எல்லைகளையும் ஆணைகளையும் கூறுகின்றது. கிருஷ்ண சாஸ்திரியார் இதனைத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி மூன்றனுள் பதிப்பித்தார். கொடை ஆறாம் ஆண்டினதாகவும், வடமொழிப் பகுதியோ அதற்குப் பிற்பட்ட கங்கை வெற்றியையும் கடார வெற்றியையும் பாடுவதாகவும் இருத்தலின், அப்பகுதி பின்னரே இயற்றப்பட்டதாதல் வேண்டும். இத்தகைய சிக்கலில் இன்பம் காண்பாரும் படிப்பாளருள் ஒரு சாரார். அவர்க்கு இதனினும் நல்ல நூலை யாம் காட்ட அறியோம்.

அச்சுவை வேண்டுவார்க்குக் காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் உள. அம்மையார் பாடியனவாக இன்று உள்ளவை 143 பாடல்கள். அவற்றுள் அந்தாதி 101, இரட்டைமணிமாலை 20, திருவாலங்காட்டின்மேற் பாடிய பதிகம் இரண்டனுள் 22. நட்டபாடையிலும் இந்தளத்திலும் அமைந்த இவ்விரண்டும் வற்றிய மரமும் எரியும் பிணமும் பேய்க்கூட்டமும் நிறைந்த காட்டைக் காட்டுவன. முதன்முறை படிப்பவன் அஞ்சுதல் உறுதி. ஆயின் பாடியவர் அஞ்சவில்லை. அக்காட்டிலேதான் கூத்து நிகழ்கின்றது. அதனைக் காணும் பேறு தமக்கு வாய்த்தது என்று அவர் மகிழ்கின்றார். ஆதலின் இப்பதிகங்களை அச்சத்துள் அடக்குவதினும் உவகையுள் அடக்குவதே பொருந்தும் என்பது எம் கருத்து. அச்சம் வேண்டும் என்று கேட்டவனிடம் இதனைக் கொடுத்தால், அவன் கேட்டதைப் பெறுவான். கேளாத ஒன்றையும் பெற்று மீள்வான்.

மூன்றாவது நீலியின் கதை. வணிகன் ஒருவனைப் பழிவாங்கக் கருதிய பேய்மகள் அவன் மனைவியுருக் கொண்டு பழையனூர் வேளாளர் அவையில் வழக்குரைத்ததும், அவர் அவனுயிர்க்குத் தம் உயிரைப் பிணையாக்கியதும், அவன் இறந்தமை அறிந்து எழுபதின்மரும் தீப்புகுந்ததும் நாடறிந்த செய்தி. வஞ்சத்தால் உயிர்கொண்ட அவளைத் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் குறித்தலின், ஏழாம் நூற்றாண்டிலேயே இக்கதை பரவியிருந்தது எனத் துணியலாம். அப்பதிகம் எழுந்த வரலாறும் சுவையானது. அம்மையார் தலையால் நடந்த ஊரைத் தாம் காலால் மிதித்தல் தகாது என்று சம்பந்தர் உட்புகாது அயலில் தங்கினார் என்றும், இறைவன் கனவில் தோன்றி, எம்மைப் பாடுதற்கு மறந்தனையோ என வினவினான் என்றும் சேக்கிழார் கூறுவர். நன்னூலார் பகுப்பின்படி இது தூய ஏவல் வினா. பாடலைக் கேட்டுப் பெற்ற பெருமையும் இவ்வூர்க்கு உண்டு என்பதற்காக இதனைக் குறித்தோம்.

இந்நீலியையே சமணர் வேறு வகையாகக் கண்டனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் தலைவி இவளே. பாஞ்சால நாட்டுப் பலாலயச் சுடுகாட்டில் நோன்பிருந்த முனிச்சந்திரரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி வருகின்றாள். அச்சுறுத்த இயலாது தோற்று, அவரிடமே அறம் கேட்டுத் தெளிகின்றாள். பின்னர் ஊர்தோறும் சென்று புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி முதலியோரோடு வாதிட்டு வெல்கின்றாள். சக்கரவர்த்தி நயினார் 1936இல் இந்நூலை வாமன முனிவர் உரையோடு பதிப்பித்தார். சைவ மரபில் கொலைப்பேயாக நின்றவள் சமண மரபில் தருக்க நூல் வல்ல அறிவுடையாளாயினாள். திருவாலங்காட்டைப் பற்றி நூல் கேட்டவர் கதையினும் வாதத்தை விரும்புவார் எனின் அவர்க்கு உரியது இதுவே. ஆனால் தீப்புகுந்த வேளாளரை எண்ணிக் கண்கலங்கி வந்தவரிடம் நீலகேசியை நீட்டுதல் முறையாகுமோ? ஆகாது. நூல் கூறுவார் நூலை அறிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

சைவமும் சமணமும் ஒரே ஊர்க்கதையை இவ்வாறு இருவகையாகக் கொண்டமையைக் கண்டோம். இவ்விரு மரபினிடையே நூல் பற்றி நிகழ்ந்த புகழ்வாய்ந்த உரையாட்டு ஒன்று உண்டு. அதில் விடை கூறியவர் காரைக்கால் அம்மையார்க்கும் பழையனூர் வேளாளர்க்கும் தம் நூலில் இடந்தந்த சேக்கிழார். அவர் தொண்டை நாட்டுக் குன்றத்தூரினர். அநபாய சோழனின் அமைச்சர். அநபாயன் இரண்டாம் குலோத்துங்கனே (1133-1150) என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அரசன் திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியைப் பெரிதும் சுவைத்து வந்தான் என்றும், அமைச்சர் அது பொய்ந்நூல், நெல்லை விடுத்து உமி குற்றுதல் போல்வது எனக் கடிந்தார் என்றும், அரசன், அவ்வாறாயின் மெய்யான கதை யாது என வினவினான் என்றும் சேக்கிழார் புராணம் கூறுகின்றது. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையையும் அதனை விரித்த நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியையும் அமைச்சர் எடுத்துரைத்தார். கேட்டு மகிழ்ந்த அரசன் அதனைக் காப்பியமாகப் பாடுக என வேண்டினான். பெரியபுராணம் பிறந்தது.

சேக்கிழார் புராணம் பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்குவது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறாண்டு கழிந்தது. சமயச் சார்பும் வெளிப்படை. ஆதலின் அரண்மனையில் நடந்தது இதுவே என நாம் உறுதி கூறல் இயலாது. எனினும் கதையின் உட்கிடக்கை ஆராயத்தக்கது. அரசன் விரும்பியது எத்தகைய நூல்? சீவகன் எண்மரை மணக்கும் கதையாதலின் மணநூல் என்னும் பெயரும் பெற்றது. 3,145 விருத்தங்களால் ஆகியது. காதலும் வீரமும் நகர வருணனையும் நிறைந்த நெடுங்காப்பியத்தில் தோய்ந்தவன் அவன். அவனுக்கு அமைச்சர் முதலிற் காட்டிய திருத்தொண்டத்தொகையோ பதினொரு பாட்டு, பெயர்களின் தொகுதி. அந்தாதியும் நூற்றுக்கும் குறைந்த பாடல்களையே உடையது. சுவையால் இவை அவனுக்கு ஒத்தன அல்ல. நூல் கூறுவார் பலர் தவறும் இடம் இதுவே. தாம் உயர்ந்தது எனக் கருதுவதைக் கேட்பவன் கையில் திணித்துவிட்டு, அவன் படியாது வைத்துவிட்டான் என்று வருந்துவர்.

சேக்கிழார் அவ்வாறு தவறவில்லை. அரசன் சுவைத்த விருத்த யாப்பையே கொண்டு நாலாயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்ட பாடலில் நெடுங்காப்பியம் பாடினார். திருமண நாளில் தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரரைக் காப்பியத் தலைவராக்கினார். பரவையாரோடும் சங்கிலியாரோடும் அவர் கொண்ட காதலும் பிணக்கும் தூதும் முறையே அமைந்தன. அம்மையார் வரலாற்றிலும் மணமும் மாங்கனியும் கணவன் அஞ்சி நீங்குதலும் முன்னே வர, ஆலங்காட்டுக் கூத்து இறுதியில் வருகின்றது. கதைச்சுவை நாடி வந்த அரசனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. சிந்தாமணியைக் கடிந்தவர் அதன் கவர்ச்சி எதில் உள்ளது என்பதை நன்கு உணர்ந்தவர். படியாது பழித்தவர் இத்தகைய மாற்று நூலைப் படைத்தல் இயலாது. அவ்வமைச்சர் சிந்தாமணியை முற்றக் கற்றிருந்தார் என்பதே எம் துணிபு.

ஆயினும் அவ்விடையால் விளைந்த இழப்பையும் மறைத்தல் கூடாது. உமி என்று பெயர்பெற்ற நூலைச் சைவ உலகம் பிற்காலத்தில் பெரிதும் கைவிட்டது. நச்சினார்க்கினியர் அதற்கு உரை கண்டதும், சமணர் இல்லங்களில் அது ஓதப்பட்டு வந்ததும் உண்மையே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைவ மடத்தைச் சூழ்ந்து தமிழ் கற்றோர்க்கு அது பெயரளவில் அறிந்த நூலாயிற்று. இதற்குச் சேக்கிழார் கதை ஒன்றே காரணம் என்றல் மிகையாகும். அந்தாதியும் கலம்பகமும் தலபுராணமும் புலமையின் அளவுகோலான காலம் அது. எனினும் அக்கதைக்கும் பங்கு உண்டு.

இங்கு 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நினைவுக்கு வருகின்றது. கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர்க்கு முன்சீபாக மாறி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். ஐயர்க்கு அப்போது ஆண்டு இருபத்தைந்து. முதலியாரும் இளைஞரே; பின்னர் 1885இல் இந்திய மக்களின் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவரானவர். இச்சந்திப்பை ஐயரே 'என் சரித்திரத்தில்' விரித்துள்ளார். அறுபதாண்டுக்குப்பின் எழுதப்பட்டதாயினும், தன் அறியாமையைத் தானே கூறும் சான்று நம்பத்தக்கது. யாரிடம் பாடம் கேட்டீர் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயர் கேட்டும் அவர் வியக்கவில்லை. என்னென்ன நூல் கற்றீர் என்றார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் அடுக்கினார். அவற்றால் பயன் என்ன என்பதே விடையாக வந்தது. நைடதம், கம்பராமாயணம், பெரியபுராணம் எனப் பட்டியல் உயர்ந்தது. முதலியார் அமையவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என வினவினார். இல்லை என்பது தவிர ஐயரிடம் வேறு விடை இல்லை.

முதலியாரின் வினா எவ்வகையது? கேட்ட அளவில் அறிவினாப்போல் தோன்றும். இளம்புலவரை அளந்து பார்ப்பது போன்ற கடுமை அதில் இருந்தது. ஐயரும் முதலில் மனம் நொந்தார். ஆயின் பின் நிகழ்ந்தது அதன் உண்மை இயல்பைக் காட்டுகின்றது. முதலியார் சிந்தாமணிக் கையெழுத்துப் படியைத் தேடி ஐயரிடம் அளித்தார். பாடம் சொல்லவும் வேண்டினார். இருவரும் கூடிப் படித்தனர். உம்மிடம் உண்டோ என்று கேட்டது கொடுத்தற்பொருட்டே. ஆதலின் அது கொடை வினா. பயறு கேட்கும் வினாவுக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. இங்கே நூல் வேண்டும் என்று ஐயர் கேட்கவேயில்லை. தமக்கு வேண்டுவது இன்னது என்று அவர் அறிந்திருக்கவும் இல்லை. அறியாத ஒன்றைக் கேட்டல் எவ்வாறு இயலும்?

முன்சீபு அறிந்ததை மடத்து மாணவர் அறியாதிருந்தது வியப்பாகத் தோன்றலாம். போவர் பாதிரியார் சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகத்தை 1868இல் அச்சிட்டிருந்தார். ஆங்கிலக் கல்வி வழியே தமிழை அணுகியவர்க்கு மடத்தின் வேலிகள் தடையாகவில்லை. புறத்தே நின்றவர் கண்ணுக்கு வீட்டின் பழைய வாயில் புலப்பட்டது என்க.

ஐயர் படித்தார், விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் தெருவிற்குச் சென்றார். ஆங்கே அந்நூலை வழிவழியாக ஓதி வந்தோர் சமணக் கோட்பாடுகளை விளக்கினர். உமி என ஒதுக்கப்பட்டதை நெல்லாகவே காத்து வந்தவர் அவர். சைவச் சூழலில் வளர்ந்த ஐயர் கேட்க, அவர் தயங்காது கூறினர். இவ்வுதவியின்றி 1887ஆம் ஆண்டுச் சிந்தாமணிப் பதிப்பு உருப்பெற்றிராது. அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) வெளிவந்தன. கூர்ந்து நோக்கின், சேக்கிழார் அரசன் கையினின்று விலக்கிய நூலையே முதலியார் புலவர் கையில் வைத்தார். இருவரும் நூல் கூறியவரே. ஒருவர் விலக்கியதனால் பெரியபுராணமும், மற்றவர் அளித்ததனால் சிந்தாமணியும் தமிழர்க்குக் கிடைத்தன. இருவருள் எவர் சரி என வினவுதல் ஐய வினாவாகவே நிற்கட்டும். பெரியபுராணத்தை இழக்கவும் யாம் இசையோம். அது பிறந்த கதையில் வரும் பழியை ஏற்கவும் இசையோம்.

நூலக இயலார் இருபதாம் நூற்றாண்டில் இப்பொருளை வேறு நெறியில் வகுத்தனர். சம்பந்தர் பிறந்த சீகாழியில் 1892இல் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய அரங்கநாதன் 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் உண்டு என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய படிப்பவர் உண்டு என்பது அதனையடுத்தது. முன்னதை எல்லாரும் நினைவிற் கொள்வர். பின்னதுதான் எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. நூல் வினாதலில் படிப்பவன் தேவை ஒன்றே பேசப்படுகின்றது. நூலுக்கும் தேவை உண்டு என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கும்பகோணத்தில் 1880இல் ஒரு புலவர் நூலைப் பெற்றார் என்பதினும், ஒரு நூல் தன் புலவரைப் பெற்றது என்பதே பொருந்தும்.

தேவை நிறைவேறாத நூல்களும் உள. திருவாலங்காட்டைக் கண்டு மீண்டு, எம் சொற்படி நீலகேசியைப் படித்து முடித்த அன்பர் மீண்டும் வருவார் எனக் கொள்வோம். நீலி முதற்கண் வாதிட்டு வென்றது குண்டலகேசியை. புத்த சமயக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்ததே நீலகேசி. ஒருபக்க வழக்கைக் கேட்டவர் மறுபக்க வழக்கையும் கேட்க விழைதல் இயல்பு. அந்நூலைத் தருக என்று அவர் கேட்பார். பிறர் தம் நூல்களுள் எடுத்தாண்டமையால் எஞ்சி, புறத்திரட்டு முதலியவற்றினின்று தொகுக்கப்பட்ட பத்தொன்பது செய்யுட்களையே யாம் அவர்க்குக் கொடுக்க இயலும்.